நம் வீட்டுத் தோட்டம்: பெயரறிந்து நடுவோம், பெயரறிந்து காப்போம்

சென்ற திங்கள் இப்பகுதியில் மழைக்காலக் கீரைகளைப் பற்றி எழுதினோம். நெடுமரங்களைப் பற்றியும் எழுதவேண்டுமென நேயர் சிலர் விரும்பியிருக்கின்றனர். அவருள் ஒருவர் விடுத்துள்ள வினா நம் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது. அவருடைய குடியிருப்பின் பின்புறத்தே ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறதாம். அவர் அங்குக் குடிவந்து ஆண்டுகள் பல ஆகியும் அதில் ஒரு காயேனும் கண்டதில்லையாம். காய்க்காத மரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பானேன், வெட்டிவிடலாமே என்று அண்டை வீட்டார் கூறுகின்றனராம். அவர்கட்கு என்ன விடை சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

விடை எளிது. முழு வளர்ச்சியடைந்தும் காய்க்காத பனை பெரும்பாலும் ஆண்பனையே. நம் நாட்டுப்புறத்தார் அதனை அலகுப்பனை என்பர். காய்ப்பதனைப் பருவப்பனை என்பர். அலகுப்பனையில் விரல்விரலாகப் பிரிந்து, தடித்து நீண்ட பூங்கதிர்கள் தோன்றும். அவற்றிலிருந்து வரும் மகரந்தமே சுற்றுவட்டத்துப் பெண்பனைகளைக் கருவுறச் செய்கிறது. ஆகவே, அம்மரம் தான் காய்க்காவிடினும் பிற காய்ப்பதற்குத் துணை நிற்கிறது. அதனை வெட்டவேண்டா.

இவ்வளவோடு நிறுத்திவிடலாம். ஆயினும் அந்த வினாவின் அடியில் வேறொரு குறை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கரக்பூரிலும் ஹௌராவிலும் அசன்சோலிலும் வாழும் நாம் பனைக் குடும்பத்து மரங்களின் நடுவிலேயே வாழ்கிறோம். தமிழ்நாட்டில் நாம் விட்டுவந்த பனையும் தென்னையும் கமுகும் இங்கும் உள்ளன. ஈச்சையோ அங்கினும் இங்கு மிகுதி. எனினும் இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இறகு போன்ற ஓலை உடையதெல்லாம் தென்னை. நாற்றுப் பண்ணையில் தொட்டியில் இருப்பதெல்லாம் ‘பாம்’. பெயர் தெரியாத மரத்தை நடத் தகாத இடத்தில் நடுவோம். வெட்டத் தகாத வேளையில் வெட்டுவோம். ஆதலின் இத்திங்கள் இக்குடும்பத்தை இனங்காணும் வழியையும் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறையையும் ஒருங்கே எழுதுகிறோம்.

மரமா, புல்லா?

உலகில் பனைக் குடும்பத்தைச் சேர்ந்த இனங்கள் ஏறத்தாழ 2600 உள்ளன. இவற்றை நாம் மரம் என்று வழங்கினும் தொல்காப்பியர் இவற்றை மரத்தோடு சேர்க்கவில்லை. உள்ளே வயிரம் உடையது மரம். வெளியே வயிரம் உடையது புல் என்று மரபியலில் அவர் வகுத்தார். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை ஆகிய சொற்களும் புல்லினத்துக்கே உரியனவாக அங்குக் கூறப்பட்டுள்ளன. இன்றைய தாவர நூலாரும் பனையைப் புல், மூங்கில், வாழை ஆகியவற்றோடு ஒருவித்திலைப் பிரிவிலேயே வைக்கின்றனர்.

இதனைப் புலமைச் செய்தி என்று எண்ணிக் கடந்துவிடலாகாது. தோட்டக்காரனுக்கு இதிலிருந்து மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, மாமரத்தைப் போலப் பனையும் தென்னையும் கிளை விடா. வளரும் இடம் உச்சியில் உள்ள ஒரே குருத்துத்தான். குருத்து அழுகினாலும் வண்டு துளைத்தாலும் ஒற்றைத் தண்டு மரம் முழுவதும் மடியும்.

இரண்டாவது, தண்டில் ஏற்படும் புண் ஆறாது. மாமரத்தில் பட்ட வெட்டைப் புதுப்பட்டை மூடிக்கொள்ளும். தென்னையில் அடித்த ஆணியின் துளை என்றும் துளையே. துணி உலர்த்தும் கம்பிக்காகத் தென்னையில் ஆணி அறைவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, இவற்றின் வேர்கள் கட்டைவிரல் அளவினும் பருக்காத சல்லி வேர்கள். ஆல், அரசு போலச் சுவரைப் பிளக்கா. வீட்டிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி நடச்சொல்வது தலைப்பகுதிக்கு வெயிலும் இடமும் வேண்டியே தவிர, வேருக்கு அஞ்சி அன்று.

இனங்காட்டும் ஐந்து அடையாளங்கள்

ஒரு மரத்தின் முன் நின்று பின்வரும் ஐந்து வினாக்களைக் கேட்டால் போதும். பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்வர்.

1. ஓலை விசிறியா, இறகா? பனையும் தாளிப்பனையும் விசிறி. தென்னை, கமுகு, ஈச்சை ஆகியன இறகு. இறகுக்குள் மீண்டும் இறகாகப் பிரிந்து, ஒவ்வொரு சிற்றிலையும் மீன்வால் போல இருந்தால் அது கூந்தற்பனை.

2. சிற்றிலையின் மடிப்பு எத்தகையது? ஓலையின் ஒரு கீற்றை நடுநரம்போடு சேரும் இடத்தில் பார்க்கவேண்டும். மழைநீர் தேங்கும் வாய்க்கால்போல மேல்நோக்கி மடிந்திருந்தால் ஈச்சை இனம். வீட்டுக் கூரைபோலக் கீழ்நோக்கிக் கவிந்திருந்தால் தென்னை, கமுகு வகை. பூவும் காயும் இல்லாத கன்றைக் கூட இந்த ஓர் அடையாளத்தால் பிரித்தறியலாம்.

3. முள் உண்டா? ஈச்சையில் மட்டையின் அடிப்புறச் சிற்றிலைகளே கூரிய முட்களாக மாறியிருக்கும். பனையில் மட்டையின் இருவிளிம்பும் அரம்போல் இருக்கும், இதுவே கருக்கு. தென்னைக்கும் கமுகுக்கும் முள் இல்லை.

4. தண்டின் உச்சியில் பச்சைக் கழுத்து உண்டா? கமுகில் ஓலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றி, வழவழப்பான பச்சைக் குழாய்போல நிற்கும். அலுவலகங்களின் முன் வரிசையாக நிற்கும் ராயல் பாமிலும் அவ்வாறே. தென்னைக்கும் பனைக்கும் ஈச்சைக்கும் அக்கழுத்துக் கிடையாது.

5. தனித்தண்டா, புதரா? தென்னை, பனை, கமுகு ஆகியன தனித்தண்டு உடையவை. நாற்றுப் பண்ணைகளில் விற்கும் அழகுச் செடிகள் பலவும் அடியிலிருந்து பல தண்டு விடுவன.

இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

தென்னை

வங்காளியர் இதனை நார்கேல் என்பர். வீட்டுக்கு ஒரு தென்னை போதும் என்பார்க்கு நெட்டையா, குட்டையா என்பதே முதற் கேள்வி. நெட்டை வகை காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும், நெடுங்காலம் வாழும், காய் சமையலுக்கும் எண்ணெய்க்கும் சிறந்தது. குட்டை வகை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும், இளநீருக்கு ஏற்றது, ஆனால் வறட்சியைத் தாங்கும் ஆற்றல் குறைவு.

கன்று வாங்கும்போது ஒன்பது முதல் பன்னிரண்டு திங்கள் வயதுடையதாகவும், ஆறு ஓலைகள் உடையதாகவும், கழுத்துத் தடித்ததாகவும் பார்த்து எடுக்க. ஓலை விரைவில் கீற்றாகப் பிரிந்திருப்பது நற்கன்றின் அடையாளம்.

கரக்பூர்ப் பக்கத்து நிலம் செம்புரை நிலம். கடப்பாரை இறங்காத இடங்களும் உண்டு. அத்தகைய மண்ணில் நான்கடி நீளமும் அகலமும் ஆழமும் உள்ள குழி வேண்டும். நடுவதற்கு ஆறு திங்கள் முன்னரே குழியில் 2 கிலோ கல்லுப்பு இட்டு வைத்தால் செம்புரை இளகி வேர் இறங்க வழிவிடும். மணல்கலந்த மண்ணில் மூன்றடிக் குழி போதும். இரண்டு தென்னைக்கு நடுவே 25 அடி இடைவெளி விடுக. தலைக்குமேல் மின்கம்பி செல்லும் இடத்தில் எந்நிலையிலும் நடலாகாது.

தென்னையின் பெரும்பகை காண்டாமிருக வண்டு. விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருபுறமும் ஒத்த வெட்டுகள் தோன்றினால் வண்டு குருத்துக்குள் புகுந்திருந்தது என்று அறிக. இவ்வண்டு எருக்குழியிலும் மட்கிய குப்பையிலும் முட்டையிடும். ஆகவே சாணக் குவியலைத் தென்னைக்கருகே வைத்தல் கூடாது. குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் அந்துருண்டை ஒவ்வொன்று வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்றி வருவது எளிய காப்பு. வேப்பம்பிண்ணாக்கையும் மணலையும் கலந்து இடுவதும் பயன் தரும்.

உறைபனி விழும் வடபகுதிகளில் வாழும் நேயர்கள் தென்னைக்கு ஆசைப்படுதல் வேண்டா. கன்று தழைப்பதுபோல் தோன்றினும் குளிர்காலத்தில் வாடும், காய்ப்பது அரிது.

கமுகு

சுபாரி என்று இங்கு வழங்குவது கமுகே. மெலிந்து நெடிதாக நிமிர்ந்து, வளையம் வளையமாகத் தழும்பு கொண்டு, உச்சியில் பச்சைக் கழுத்துடன் நிற்கும் இதனை இனங்காண்பது எளிது. குறைந்த இடத்தில் வளர்வதால் சிறு தோட்டத்துக்கு ஏற்றது. நன்கு பழுத்த பாக்கைக் காம்புப்பக்கம் மேலாக இருக்குமாறு மண்ணில் ஊன்றி நாற்று எழுப்புக. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆன கன்றை, மரத்துக்கு மரம் 9 அடி விட்டு நடுக.

கமுகுக்கு இரண்டு தேவைகள் உள. ஒன்று, வேனிலில் வற்றாத ஈரம். மற்றொன்று, மாலை வெயிலிலிருந்து காப்பு. தென்மேற்கிலிருந்து சாயும் வெயில் இளந்தண்டைச் சுட்டு வெடிக்கச் செய்யும். அப்பக்கத்தில் வாழை நட்டால் வெயிலையும் தடுக்கும், கனியும் தரும்.

தாம்பூலத் தட்டுக்குப் பாக்கு வேண்டும் என்பதால் கமுகு வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மங்கலப் பொருளாக அதனைப் போற்றுவது தகும். ஆனால் பாக்கு வாய்ப்புற்றை விளைவிக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியுள்ளது. தட்டில் வைப்போம்; நாள்தோறும் மெல்லும் வழக்கத்தை விடுவோம்.

ஈச்சை

வங்காளத்தின் மரம் என்று சொல்லத்தக்கது கேஜூர் என்னும் ஈச்சை. அரபு நாட்டுப் பேரீச்சைக்கு உறவினம். கனியில் சதை குறைவு. பெருமை சாற்றில்தான் உள்ளது. தென்னையிலும் பனையிலும் பாளையைச் சீவிப் பதநீர் எடுப்பதை நாம் அறிவோம். ஈச்சையிலோ பாளையைத் தொடுவதில்லை. ஓலைகளுக்குக் கீழே தண்டின் ஒரு பக்கத்தைச் சீவிக் குளிர்காலத்தில் சாறு வடிப்பர். ஓராண்டு ஒரு பக்கம், மறு ஆண்டு எதிர்ப்பக்கம் எனச் சீவுவதால் தண்டு படிக்கட்டுப்போல் வளைந்து வளைந்து மேலேறும். அப்படிகளை எண்ணினால் எத்தனை ஆண்டு சாறு எடுக்கப்பட்டது என்று கூறிவிடலாம். அச்சாற்றைக் காய்ச்சுவதே இங்குப் புகழ்பெற்ற நொலேன் குர் என்னும் புதுவெல்லம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. விடியற்காலையில் கலயத்திலிருந்து இறக்கிய பச்சைச் சாற்றைப் பருகும் வழக்கம் உண்டு. இரவில் பழந்தின்னி வௌவால்கள் அக்கலயத்தை நாடி வருகின்றன. வங்காளதேசத்தில் 2001 முதல் தோன்றிய நிப்பா நோய்ப் பரவல்கள் பலவற்றுக்கு இப்பச்சைச் சாறே வழியாயிற்று என ஆய்ந்து கண்டுள்ளனர். மேற்கு வங்காளத்திலும் 2001-இல் சிலிகுரியிலும் 2007-இல் நதியா மாவட்டத்திலும் அக்கொடிய நோய் தோன்றியது. ஆகவே பிள்ளைகளுக்குப் பச்சைச் சாறு கொடுத்தல் ஆகாது. நன்கு காய்ச்சிய வெல்லத்தை அச்சமின்றி உண்ணலாம்.

வீட்டுத் தோட்டத்தில் ஈச்சையை வேலியோரம் நடுக. முள் கூரியது, பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்துக்கு ஆகாது. ஆணும் பெண்ணும் வேறு வேறு மரம் என்பதையும் நினைவிற் கொள்க.

பனை

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. வங்காளியர்க்கும் தால் என்னும் பெயரால் நெருங்கிய உறவு. நாம் நுங்கு என்பதனை அவர் தால்ஷாஷ் என்பர். ஆவணியில் பழம் உதிரும்போது அவர்கள் சதையைப் பிழிந்து மாவுடன் சேர்த்துப் பொரித்து உண்பர். விதையை முளைக்கவிட்டு உள்ளே திரளும் வெண்மையான தவுனை நாம் வெட்டித் தின்பதுபோல் அவர்களும் தின்பர். கிழங்கை அவித்துண்ணும் சுவையை மட்டும் நம்மிடமிருந்துதான் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பனைக்கு நாற்றங்கால் வேண்டா. நாற்றைப் பெயர்த்து நடுவது பெரும்பாலும் வீண். விதை முளைத்ததும் முளை மேலே வராமல் ஓரடிக்கு மேலும் கீழ்நோக்கி இறங்கும். அங்கே கிழங்கு திரண்ட பின்னரே முதலிலை மண்ணுக்கு மேல் தலைகாட்டும். ஆதலின் மரம் எங்கு நிற்கவேண்டுமோ அங்கேயே விதையை ஊன்றுக. ஒரு குழிக்கு இரண்டு விதை இட்டு, நான்கு விரற்கிடை மண் மூடி, 10 அடி இடைவெளி விடுக. உலர்ந்து நெடுநாள் ஆன விதை முளைக்காது. உதிர்ந்த பழத்தின் விதையையே எடுக்க. முதலிலை அகலப் புல் போன்றிருக்கும். களை என்று கருதிப் பறித்துவிடாமலிருக்கக் குழியருகே ஒரு குச்சி நட்டு வைப்பது நலம்.

முதற் சில ஆண்டுகள் தண்டே தோன்றாது. ஓலைகள் மட்டும் தரையிலிருந்து விரியும். ஆணா பெண்ணா என்பது பூத்த பின்னரே தெரியும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகலாம்; இருபது ஆண்டுகளும் ஆகலாம்.

பெயர் மயக்கங்கள்

பெயரால் ஏமாறும் இடங்கள் சில உள. அவற்றை இங்குச் சுருங்கக் கூறுவோம்.

நாற்றுப் பண்ணையில் ‘அரிக்கா பாம்’ என்று கேட்டால் ஒரு தொட்டிச் செடியைத் தருவர். பெயரைக் கேட்டுப் பாக்கு காய்க்கும் என்று வாங்குவோர் உண்டு. அது கமுகன்று, மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அழகுச் செடி. அடியிலிருந்து பல தண்டு விடுவதும், மட்டை மஞ்சளாயிருப்பதும் அதன் அடையாளம். வீட்டுக்குள்ளும் நிழலிலும் நன்கு வளரும், தாம்பூலத்துக்கு உதவாது.

‘சேகோ பாம்’ என விற்கப்படுவது பனைக் குடும்பமே அன்று. சைக்கஸ் என்னும் பழமையான இனம்; பூவின்றிக் கூம்பு விடுவது. அதன் விதையும் பிற பகுதிகளும் நஞ்சுடையன. விதையைக் கடித்த நாய்கள் ஈரல் கெட்டு இறந்ததுண்டு. சேகோ என்றால் ஜவ்வரிசி என்று எண்ணி எவரும் அதனை அணுகலாகாது. கீழை நாடுகளில் ஜவ்வரிசி தரும் உண்மையான சேகோ பனை வேறு. நம் கடைகளில் விற்கும் ஜவ்வரிசியோ சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவினால் செய்யப்படுவது. சிறுபிள்ளைகளும் நாயும் உள்ள வீட்டில் இச்செடியைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

‘டிராவலர்ஸ் பாம்’ என்னும் விசிறிவாழையும் பனையன்று, வாழைக்கு நெருங்கியது. தாழையும் பனையன்று.

கூந்தற்பனை பனையினமே, காண்பதற்கு இனியது. ஆனால் அதன் கனியில் ஊசி போன்ற நுண்படிகங்கள் உள்ளன. கையில் பட்டால் கடுமையாக அரிக்கும். மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பூத்து முடிந்ததும் அம்மரம் தானே மடியும். நோய் வந்துவிட்டதென அஞ்சி மருந்து தெளிப்பது வீண்.

பேய்ப்பனை என்று வெட்டுண்ட மரம்

பெயரறியாமையால் விளையும் கேட்டுக்கு இவ்வங்காள மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. நம் குடும்பங்களில் பலரும் கேட்டிராத செய்தி அது.

ஹௌராவை அடுத்த ஷிப்பூரில் உள்ள தாவரவியற் பூங்கா 1787-இல் தொடங்கப்பெற்றது. அதன் தலைவராயிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்பார் வங்காளத்தில் கண்ட ஒருவகைத் தாளிப்பனையைத் தனியினமாக வரைந்து வைத்தார். அதன் பெயர் கொரிஃபா தாலியரா. வேறெங்கும் காணப்படாத இனம். விசிறி ஓலை உடையதாதலின் பார்ப்பவர்க்குப் பனை போலவே தோன்றும். வேற்றுமை பூப்பதில்தான். பனையின் பாளை மட்டை இடுக்கிலிருந்து வரும், ஆண்டுதோறும் வரும். தாளியோ பல ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரேமுறை, உச்சிக் குருத்திலிருந்தே மாபெரும் பூங்கொத்தை மேலே எழுப்பும். பூத்துக் காய்த்து விதை உதிர்த்ததும் மடியும்.

காலப்போக்கில் இவ்வினம் அருகி, இயற்கையாக வளர்ந்த மரமென அறியப்பட்டது சாந்திநிகேதனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒன்றே ஒன்றாயிற்று. 1979-இல் அது பூக்கத் தொடங்கிற்று. தலைமேல் கொம்பு முளைத்ததுபோன்ற அத்தோற்றத்தை அவ்வூரார் முன்பு கண்டதில்லை. பனையில் பேய் ஏறிவிட்டது என்று அஞ்சி, விதை விழுமுன்னரே வெட்டிச் சாய்த்துவிட்டனர்.

அவ்வூராரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்களுக்குத் தெரிந்த பெயர் பனை என்பது ஒன்றே. பனைக்கு ஒவ்வாத செயலை அது செய்தபோது பேய் என்ற பெயரைத் தவிர வேறு பெயர் அவர்களிடம் இல்லை. பெயரைச் சொல்ல அன்று அருகில் ஒருவர் இருந்திருப்பின் அம்மரம் விதை தந்து மடிந்திருக்கும்.

நற்பேறாக, டாக்காப் பல்கலைக்கழக வளாகத்தில் அதே இனத்து மரம் ஒன்று நின்றது. 1950-களில் தாவர ஆசிரியர் ஒருவர் அதனை இன்னதென ஐயுற்று அடையாளம் கண்டிருந்தார். அதனால் அது காக்கப்பட்டது. 2008-இல் அது பூத்தது, காய்த்தது, தன் இயல்புப்படி மடிந்தது. அதன் விதைகளிலிருந்து கன்றுகள் எழுப்பப்பட்டன. இன்று இயற்கையில் அற்றுப்போன இனமாகவே அது எண்ணப்படினும், பூங்காக்களில் அதன் வழித்தோன்றல்கள் வளர்கின்றன. ஒரே இனத்து இரண்டு மரங்கள். ஒன்றின் பெயர் அறியப்படவில்லை, மற்றொன்றின் பெயர் அறியப்பட்டது. வேற்றுமை அவ்வளவே.

வினா எழுதிய அன்பரும் அவர் அண்டை வீட்டாரும் இதனைக் கருதிப் பார்ப்பாராக. மேலும், குடியிருப்பிலுள்ள மரம் நிருவாகத்துக்கு உரியது. நாமாக வெட்ட உரிமையில்லை. காடல்லாத இடங்களில் உள்ள மரங்களைக் காக்க மேற்கு வங்காளத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. தமிழ்நாட்டிலும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது.

மாற்றல் வந்தால்?

“இன்னும் இரண்டு ஆண்டில் மாற்றல் வரும், நமக்கேன் பனையும் தென்னையும்?” என்று கேட்போர் உளர். இருப்புப்பாதைப் பணியில் உள்ள நமக்கு இஃது இயல்பான கேள்வியே. நட்டவர் நுங்கு வெட்டுவது அரிது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இன்று நாம் பொங்கலுக்கு உடைக்கும் தேங்காயைத் தரும் மரத்தை நட்டவர் யார்? நமக்கு முன் இக்குடியிருப்பில் இருந்த எவரோ ஒருவர். அவர் பெயரும் நமக்குத் தெரியாது. தமிழரா, தெலுங்கரா, வங்காளியரா என்பதும் தெரியாது. காய் கண்டு அவர் சென்றாரா என்பதும் ஐயமே. ஆயினும் அவர் வைத்த நீரின் பயனை நாம் உண்கிறோம். அக்கடனை அவரிடம் செலுத்த வழியில்லை. அடுத்து வருபவரிடம்தான் செலுத்த முடியும்.

விரைந்த பயன் வேண்டுவோர் குட்டைத் தென்னை நடுக. பின்வருவார்க்கென நடுவோர் பனை ஊன்றுக. இரண்டும் செய்ய இயலாதோர், இருக்கும் மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுக. ஆணி அறையாது, தளர்வாகக் கயிற்றால் கட்டி, தமிழிலும் வங்காளியிலும் பெயரையும், ஆணா பெண்ணா என்பதையும் எழுதி வைக்கலாம். சங்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடுமுறை வேலை வேறில்லை. நாம் மாற்றலாகிச் சென்ற பின்னும் அப்பலகை நமக்காகப் பேசும்.

இத்திங்கள் செய்யவேண்டியவை

ஆவணி பனம்பழம் உதிரும் காலம். பழத்தின் சதையை நீக்கி விதைகளைச் சேர்த்துக்கொள்க. மரமாக வளர்க்க விரும்பும் விதைகளை உடனே நிலையான இடத்தில் ஊன்றுக. எஞ்சியவற்றைக் கொல்லையின் ஒரு மூலையில், இரண்டடி உயரம் இளகிய மண்ணைக் குவித்து, அதன்மேல் நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடி ஈரம் காக்க. தைப்பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். கரும்புக்கும் மஞ்சளுக்கும் அருகே பனங்கிழங்கையும் வைத்துப் படைக்கும் நம் தென்பாண்டி வழக்கத்தை இவ்வாண்டு இங்கேயே நம் கையால் விளைத்து நிறைவேற்றலாம்.

தென்னையடியில் மழைநீர் தேங்காமல் வாய்க்கால் எடுக்க. குருத்தில் அழுகல் உண்டா என்று பார்க்க. கமுகங்கன்றுக்கு வாழை நிழல் இல்லையேல் இப்போதே ஒரு வாழைக்கன்று நடுக. வருகின்ற மாசி, பங்குனியில் தென்னை நடக் கருதுவோர், செம்புரை நிலமாயின் குழியை இப்போதே வெட்டி உப்பிட்டு வைப்பது நலம்.

அடுத்த திங்கள் முருங்கையையும் அகத்தியையும் பற்றி எழுதுவோம். ஐயங்களை ஒவ்வொரு திங்களும் பத்தாம் நாளுக்குள் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுகிறோம்.